50 பவுண்டு வில்லுக்கு 50 பவுண்டு தண்டா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மரபு வில்லால் வேட்டையாடுவது பற்றித் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரை வில்லையும் முனையையும் பற்றி விரிவாகச் சொன்னது. அம்பின் உடலான தண்டு என்று வந்ததும் ‘50 பவுண்டு வில்லுக்கு 50 பவுண்டு தண்டு’ என ஒரே வரியில் முடித்துக்கொண்டது. வில்லின் பவுண்டு அதை இழுக்கத் தேவையான விசை; தண்டின் பவுண்டு அதன் விறைப்பு. அந்த வரியை நம்பித் தண்டு வாங்குகிறவர், நல்ல வில்லும் கூரிய முனையும் கையில் இருந்தும் விலங்கைக் காயத்தோடு ஓடவிடக்கூடும். அம்பு நேராகப் போய்த் தைத்தால்தான் முனையின் கூர்மைக்கு வேலை. அம்பை நேராகப் போகவைப்பது தண்டு.

வில்லில் அம்பைப் பூட்டி மேலிருந்து பாருங்கள். நாண் வில்லின் நடுக்கோட்டில் இருக்கும். அம்போ கைப்பிடியின் பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கும். நாணை விட்டதும் அம்பின் அடி நடுக்கோட்டை நோக்கிப் பாய்கிறது, முனை வெளிப்பக்கம் பார்க்கிறது. அந்த நொடியில் தண்டு வளைந்து, கைப்பிடியைச் சுற்றி நெளிந்து, தாண்டியபின் நிமிர வேண்டும். விறைப்பு மிஞ்சினால் தண்டு வில்லில் இடித்து விலகும். குறைந்தால் தேவைக்கு மேல் நெளிந்து வேகத்தையும் திசையையும் இழக்கும். இந்த விறைப்பைத்தான் வில்லாளிகள் ‘ஸ்பைன்’ என்கிறார்கள்.

மரத் தண்டின் ஸ்பைனை அளக்கப் பெரிய கருவி தேவையில்லை. 26 அங்குல இடைவெளியில் இரண்டு தாங்கிகள் மேல் தண்டைக் கிடத்தி, நடுவில் 2 பவுண்டு (907 கிராம்) எடையைத் தொங்கவிடுங்கள். தண்டு எத்தனை அங்குலம் தாழ்கிறதோ அந்த எண்ணால் 26-ஐ வகுத்தால் ஸ்பைன் பவுண்டில் கிடைக்கும். 0.52 அங்குலம் தாழ்ந்தால் 50, 0.65 தாழ்ந்தால் 40. கார்பன் தண்டின் கணக்கு வேறு. அங்கே இடைவெளி 28 அங்குலம், எடை 1.94 பவுண்டு, தண்டில் அச்சிட்ட எண் தாழ்வை அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்காகச் சொல்கிறது. 500 என்றால் அரை அங்குலம். எண் ஏற ஏறத் தண்டு இளகும். மரத்திலோ எண் ஏற ஏற விறைக்கும். இரண்டையும் குழப்பிக்கொள்வது அடிக்கடி நடக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் 500 எண் கார்பன் ஏறத்தாழ 63 பவுண்டு மரத் தண்டுக்குச் சமம்.

இனி அந்த ‘50க்கு 50’. வில்லில் எழுதியிருக்கும் இழுவிசை 28 அங்குலம் இழுத்தபோது அளந்தது. ஓர் அங்குலம் குறைத்து இழுத்தால் இரண்டு முதல் மூன்று பவுண்டு குறையும்; கூட இழுத்தால் அதே அளவு கூடும். அம்பு 28 அங்குலத்தைவிட நீளமானால் ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஐந்து பவுண்டு கூடுதல் விறைப்பு வேண்டும். முனை 125 கிரெய்னைவிட (சுமார் 8 கிராம்) கனமானாலும் கூடுதல் விறைப்புதான், ஏனென்றால் முன்பாரம் தண்டை அதிகம் வளைக்கிறது. நீளாத நவீன நாண் கட்டியிருந்தால் இன்னும் ஐந்து கூட்டலாம். கைப்பிடி நடுக்கோடு வரை வெட்டப்படாத, ஒற்றைக் கட்டையில் செதுக்கிய வில்லாக இருந்தால் ஐந்து முதல் பத்து வரை கழிக்க வேண்டும்.

இரண்டு வில்லிலும் 50 என்றே எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் ஒற்றைக் கட்டை வில்லை 26 அங்குலம் இழுக்கிறார். கையில் வருவது 45 பவுண்டு. தடித்த கைப்பிடிக்காகக் கழித்தால், 28 அங்குல அம்புக்கு அவருக்கு வேண்டியது 35–40. இன்னொருவர் நடுக்கோடு வரை வெட்டிய ரிகர்வ் (நுனிகள் முன்பக்கம் வளைந்த) வில்லை 29 அங்குலம் இழுக்கிறார். அவருடைய அம்பு 30 அங்குலம், நாண் நீளாத வகை. 52, அதோடு பத்து, அதோடு ஐந்து: 65-ஐத் தாண்டிவிட்டது. இவை சோதனையைத் தொடங்குவதற்கான எண்கள்தாம். ஆனால் இருவருக்கும் 50 பவுண்டு தண்டைக் கொடுத்தால் இரண்டு பேருடைய அம்பும் கோணும்.

மரத்தைப் பொறுத்தவரை நார் ஓட்டம்தான் உயிர். போர்ட் ஆர்ஃபோர்ட் சீடார் இலகுவானது, நேர் நாருக்குப் பேர்போனது. சிட்கா ஸ்புரூஸ், டக்ளஸ் ஃபர் ஆகியவையும் நன்கு உழைக்கும். ஆஷ், ஹிக்கரி கனமும் கடினமும் கூடியவை. நிமிர்த்தப் பொறுமை வேண்டும். எந்த மரமானாலும் தண்டை வெளிச்சத்தில் பிடித்து, நார்க்கோடுகள் நுனிவரை ஓடுகின்றனவா, நடுவழியில் பக்கவாட்டில் வெளியேறுகின்றனவா என்று பாருங்கள். சில அங்குலத்துக்கு ஒரு முறை வெளியேறும் தண்டை வேட்டைக்கு எடுக்கவே கூடாது. பளபளப்பான பூச்சு இந்தக் குறையை மறைத்துவிடும் என்பதால் பூசாத தண்டாக வாங்குவது நல்லது.

தண்டின் வெட்டுமுகத்தில் ஆண்டு வளையங்கள் இணைகோடுகளாகத் தெரியும். அம்பின் அடியில் நாணைக் கவ்வும் ‘நாக்’ என்ற துண்டின் பள்ளம் அந்தக் கோடுகளுக்குச் செங்குத்தாக வர வேண்டும். அப்போதுதான் தண்டின் விறைத்த பக்கம் வில்லைப் பார்த்து நிற்கும். கூடவே, மேல்பக்கத்தில் நார் வெளியேறும் இடத்தில் தெரியும் அம்புக்குறி போன்ற வடிவங்கள் முனையை நோக்கி இருக்க வேண்டும். அப்படி இருந்தால், அம்பை விடும்போது தண்டு முறிந்தாலும் பின்துண்டு மேலே வழுக்கிப் போகும். திருப்பி ஒட்டினால் அதே பின்துண்டு கீழே இறங்கி வில் பிடித்த கையில் ஏறும். நாக் ஒட்டும் முன் ஐந்து விநாடி பார்த்தால் போதும்.

விட்டத்தில் 5/16, 11/32, 23/64 அங்குலம் என மூன்று புழக்கத்தில் உள்ளன. இலகுவான வில்லுக்கு முதலாவது, கனமான வில்லுக்கு மூன்றாவது. பெரும்பாலான வேட்டை வில்லுக்கு நடுவிலுள்ளது. முனைப்பக்கம் 5 டிகிரி, நாக் பக்கம் 11 டிகிரி கூம்பு சீவ வேண்டும். கூம்பு நடுவிலிருந்து சற்றே விலகினாலும் முனை ஆடும். பயிற்சி முனையில் தெரியாத அந்த ஆட்டத்தை அகன்ற வேட்டை முனை காற்றில் சிறகுபோல் விரித்துப் பெரிதாக்கிவிடும்.

எடையில் கஞ்சத்தனம் கூடாது. இழுவிசையின் ஒவ்வொரு பவுண்டுக்கும் முழு அம்பு 8 கிரெய்னுக்குக் கீழே போகவேண்டாம். வேட்டைக்கு 10 நல்ல அளவு. 50 பவுண்டு இழுத்தால் 500 கிரெய்ன், அதாவது 32 கிராமுக்குச் சற்று மேல். இலகுவான அம்பு வேகமாகப் போகும் என்பது உண்மைதான். ஆனால் வில்லின் ஆற்றலை அது முழுதாக வாங்கிக்கொள்ளாது. மிச்சம் வில்லை அதிரவைக்கும், சத்தம் எழுப்பும், விலங்கை மிரளவைக்கும். கனமான அம்பு தோலும் எலும்பும் தடுத்த பிறகும் உந்தித் தள்ளும். மரபு வில் எட்டும் 15–20 கஜத்தில் கனத்தால் வரும் தாழ்வு பழகிக்கொள்ளக் கூடியதே.

பாரம் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். அம்பை விரல்மேல் வைத்துச் சமநிலைப் புள்ளியைக் கண்டுபிடியுங்கள். 29 அங்குல அம்பு நாக் பள்ளத்திலிருந்து 18 அங்குலத்தில் நின்றால், பாதியான 14.5-ஐவிட 3.5 அங்குலம் முன்னே இருக்கிறது. இது நீளத்தில் 12 விழுக்காடு. 10 முதல் 15 விழுக்காடு வரை இருந்தால் அம்பு நிலையாகப் பறக்கும்.

மூங்கில் தண்டு உறுதியில் குறைந்ததல்ல. வெட்டி நிழலில் மாதக்கணக்கில் உலர்த்தி, கணுக்களைச் சீவி, அனலில் காட்டி நிமிர்த்த வேண்டும். நாக் பள்ளம் கணுவுக்குச் சற்றுப் பின்னே அமைந்தால் கணு பிளவைத் தடுக்கும். அலுமினியத்தில் எண்ணே எல்லாம் சொல்லிவிடும்: 2016 என்றால் விட்டம் 64-இல் 20 பங்கு அங்குலம், சுவர்த் தடிமன் 0.016 அங்குலம். அது வளைந்தால் வளைந்ததுதான், முழுதாகத் திரும்புவது அரிது.

எதை வாங்கினாலும் முதலில் நீளமாகவே வைத்து, இறகு ஒட்டாத ஒரு தண்டையும் இறகு ஒட்டிய அம்புகளையும் பத்து கஜத்தில் விட்டுப் பாருங்கள். வலக்கைக்காரருக்கு வெற்றுத் தண்டு இடப்பக்கம் தைத்தால் விறைப்பு அதிகம். கனமான முனை மாட்டலாம். வலப்பக்கம் தைத்தால் இளக்கம். முனைப்பக்கம் கால் அங்குலம் வெட்டி மறுபடி விடுங்கள். வெட்டியதை ஒட்ட முடியாது, ஆகவே கால் அங்குலத்துக்கு மேல் ஒரே மூச்சில் வெட்ட வேண்டாம். முழுதாக இழுத்தபோதும் வேட்டை முனை வில்லுக்கு ஓர் அங்குலமாவது முன்னே இருக்கும்படி நீளத்தை நிறுத்திக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் முனை விரலை வெட்டும். கடைசியாக வேட்டை முனையை மாட்டி, பயிற்சி முனை தைத்த இடத்திலேயே அதுவும் தைக்கிறதா என்று பாருங்கள்.

மரத் தண்டுக்கு மூன்று நான்கு கை வார்னிஷ் தேவை. முனைக்குள் மறையும் கூம்பையும் விட்டுவிடக் கூடாது, ஈரம் அங்கேதான் முதலில் ஏறும். சுவரில் சாய்த்துவைத்த தண்டு கோணும், தொங்கவிடுங்கள். ஒவ்வொரு முறை விடுவதற்கு முன்பும் தண்டை இரு கையாலும் லேசாக வளைத்துச் செவியருகே பிடியுங்கள். மரமானாலும் கார்பனானாலும் நெறுக்கென்று சத்தம் கேட்டால் அங்கேயே இரண்டாக முறித்துப்போடுங்கள். அம்பறாத்தூணியில் திரும்ப வைத்தால் யாராவது எடுத்து நாணில் பூட்டிவிடுவார்கள்.

இப்படிக்கு,
மரபு வில் பழகும் வாசகர்