பட்டியலில் விடுபட்ட ஹாலே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜெர்மனியில் குடும்பத்துடன் காலையில் கிளம்பி இரவுக்குள் திரும்பத்தக்க பழைய நகரங்கள் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையைப் படித்தேன். ரோட்டன்பர்க், ஹைடல்பர்க் ஆகியவற்றை அது பாராட்டியதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் தமிழ் வாசகருக்கென எழுதிய பட்டியலில் சாலே ஆற்றங்கரையிலுள்ள ஹாலே விடுபட்டது பெருங்குறை. லைப்சிக்கில் வசிக்கும் நாங்கள் அண்மையில் பிள்ளைகளுடன் அங்கே சென்று வந்தோம்.

1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு சிறிது காலம் படித்த ஊர் இது. போதகர் ஆகஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே 1698-இல் அடிக்கல் நாட்டிய அநாதை இல்லமும் அதைச் சுற்றி வளர்ந்த பள்ளிகளும்தான் சீகன்பால்குவின் பணிக்குப் பின்பலமாக நின்றன. ஹாலேயில் வார்க்கப்பட்ட தமிழ் அச்செழுத்துகள் 1713-இல் தரங்கம்பாடிக்குப் போய்ச் சேர்ந்தன. அவை அளவில் பெரியவையாக இருந்து காகிதத்தை விழுங்கியதால், சிறிய எழுத்துகளை அங்கேயே வார்த்துக்கொண்டார்கள். சீகன்பால்கு இலத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் 1716-இல் ஹாலேயிலேயே அச்சானது. இடையில் அவர் ஐரோப்பா திரும்பியபோது அவருடன் கப்பலேறிய மலையப்பன் என்ற தமிழ் இளைஞரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

இவ்வளவும் பெரியவர்களுக்கான சங்கதி என்று கருத வேண்டாம். அநாதை இல்லத்தின் மேல்மாடத்தில், 18ஆம் நூற்றாண்டில் இருந்தவாறே 1995-இல் சீரமைக்கப்பட்ட அரும்பொருள் அறை இருக்கிறது. ஓவியம் தீட்டிய அலமாரிகளில் சிப்பிகள், பாடம் செய்த உயிரினங்கள், தொலைதூர நாடுகளிலிருந்து வந்த பொருள்கள் என நிறைந்திருக்க, கூரையிலிருந்து ஒரு முதலை தொங்குகிறது. என் மகன் அதன் அடியைவிட்டு நகர மறுத்துவிட்டான். வெளியே வந்தால், நூறு மீட்டருக்கும் மேல் நீளும் மரச்சட்டக் கட்டடம் ஆறு அடுக்காக நிற்கிறது. இத்தகைய வளாகத்தின் முகப்பை ஒட்டியே, கிழக்கு ஜெர்மனியின் சோசலிச ஆட்சிக்காலத்தில் ஒரு மேம்பாலச் சாலையை அமைத்தவர்களை என்னவென்று சொல்வது!

சந்தைச் சதுக்கத்தின் ஐந்து கோபுரங்கள், சமயச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதரின் மரண முகமூடி (இறந்தபின் முகத்திலிருந்து எடுத்த அச்சு) வைக்கப்பட்டுள்ள தேவாலயம், இசையமைப்பாளர் ஹேண்டல் 1685-இல் பிறந்த வீடு ஆகியவற்றை மதிய உணவுக்குப் பின் நடந்தே பார்த்துவிடலாம். 1804 முதல் இயங்கும் சாக்லேட் ஆலையின் தயாரிப்புகளை வாங்காமல் பிள்ளைகள் ஊர் திரும்ப விடமாட்டார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். லைப்சிக்கிலிருந்து ரயிலில் ஏறக்குறைய அரை மணி நேரம்; ஐந்து பேர் வரை சேர்ந்து செல்லும் சாக்சென் டிக்கெட் என்ற ஒருநாள் ரயில் பயணச்சீட்டு இங்கும் செல்லும், வார நாள்களில் காலை 9 மணிக்குப் பிறகு. திங்கட்கிழமை மட்டும் வேண்டாம்; அநாதை இல்ல அருங்காட்சியகம் திறந்திராது.

தங்களிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. தமிழர்களின் சமயம், பழக்கவழக்கம், மருத்துவம் பற்றி மிஷனரிகள் கேட்ட கேள்விகளுக்குத் தமிழர்களே எழுதிய 99 பதில் கடிதங்கள், ஜெர்மன் மொழிபெயர்ப்பில் ஹாலேயிலிருந்து வெளிவந்த மிஷன் அறிக்கைகளில் 300 ஆண்டுகளுக்கு முன்பே அச்சேறின. அறிஞர் எவரையேனும் கொண்டு அவற்றைப் பற்றி ஒரு தொடர் வெளியிட்டால், அடுத்த கோடை விடுமுறையில் இங்கு வரும் குடும்பங்களுக்கு அது நல்ல துணையாக அமையும்.

இப்படிக்கு,
லைப்சிக் வாசகர்