அந்தப் படத்தில் கிட்டாரோடு நிற்பவர்

அன்பு மகளுக்கு,

மெம்ஃபிஸுக்குக் குடிபோன பிறகு நீ எழுதிய நீண்ட கடிதம் கிடைத்தது. யூனியன் அவென்யூ 706ஆம் எண்ணில் இருக்கும் சன் ஸ்டுடியோவைப் பார்த்துவிட்டு வந்ததையும், அங்கே கண்ட கருப்பு வெள்ளைப் படத்தில் எல்விஸ் பிரெஸ்லி, ஜானி கேஷ், ஜெர்ரி லீ லூயிஸ் ஆகிய மூவரை அடையாளம் கண்டுகொண்டதையும், கிட்டாரோடு நிற்கும் நான்காமவர் யாரென்று தெரியாமல் விழித்ததையும் எழுதியிருந்தாய். தொலைபேசியில் இரண்டு நிமிடத்தில் சொல்லி முடித்துவிட மனம் வராததால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அவர் பெயர் கார்ல் பெர்கின்ஸ். 1956 டிசம்பர் 4 அன்று எடுத்த படம் அது. வேடிக்கை என்னவென்றால், அன்றைய ஒலிப்பதிவே அவருடையதுதான். அவருக்குப் பியானோ வாசிப்பதற்காக, அப்போது வெளியுலகில் யாருக்கும் தெரியாத ஜெர்ரி லீ லூயிஸை ஸ்டுடியோ உரிமையாளர் சாம் பிலிப்ஸ் அழைத்திருந்தார். முன்பு அங்கே பாடிப் பதிவு செய்துவந்த எல்விஸ் பழைய இடத்தை எட்டிப் பார்க்க வந்தார். ஜானி கேஷும் வந்து சேர்ந்தார். கூடிப் பாடினார்கள், அதிலும் பெரும்பகுதி தேவாலயப் பாட்டுகள். மறுநாள் செய்தித்தாளின் பார்வையில் எல்விஸ்தான் நடுநாயகர். இன்று அந்தப் படத்தைப் பார்ப்பவர்கள், யாருடைய வேலைக்காக அந்த அறை திறந்திருந்ததோ அவரைத்தான் ‘இவர் யார்?’ என்று கேட்கிறார்கள். நீ கேட்டதில் தவறே இல்லை, கண்ணம்மா. நானும் கல்லூரி விடுதியில் நண்பன் வைத்திருந்த பீட்டில்ஸ் இசைத்தட்டின் உறையில் இரண்டு பாடல்களுக்கு எதிரே பெர்கின்ஸ் என்று அச்சிட்டிருந்ததைப் பார்த்து, இது யாரடா என்று கேட்டுத்தான் அவரிடம் போய்ச் சேர்ந்தேன்.

1932 ஏப்ரல் 9ஆம் தேதி, டென்னசி மாநிலத்தின் வடமேற்கு மூலையில் டிப்டன்வில் என்னும் ஊரருகே, பிறர் நிலத்தில் விளைச்சலில் பங்குக்குப் பருத்தி பயிரிட்டுப் பிழைத்த ஏழை வெள்ளைக்காரக் குடும்பத்தில் அவர் பிறந்தார். சிறு வயதிலேயே பருத்தி பறிக்க வயலில் இறங்கியவர், பகலில் உடன் வேலை செய்த கருப்பின மக்களின் பாட்டையும், சனிக்கிழமை இரவுகளில் நாஷ்வில் வானொலியிலிருந்து வந்த கிராண்ட் ஓல் ஓப்ரி நிகழ்ச்சியின் ‘கன்ட்ரி’ என்னும் நாட்டுப்புற இசையையும் ஒருசேரக் கேட்டு வளர்ந்தார். சுருட்டுப் பெட்டியிலும் துடைப்பக் கட்டையிலும் தந்தை செய்து கொடுத்ததுதான் முதல் கிட்டார். அடுத்தது பக்கத்து வீட்டாரிடமிருந்து வாங்கிய பழைய கிட்டார். அதன் தந்திகள் தேய்ந்து அறுந்துகொண்டே இருந்தன. புதுத் தந்தி வாங்கக் காசில்லை, ஆகவே அறுந்ததை முடிச்சுப் போட்டுக் கட்டினார். விரலைத் தந்தியில் இழுத்துக்கொண்டு போனால் முடிச்சு கையைக் கிழித்தது. அதனால் இருந்த இடத்திலேயே தந்தியைப் பக்கவாட்டில் வளைத்து, வேண்டிய சுரத்தை எட்டப் பழகிக்கொண்டார். நம் வீணையில் தந்தியை இழுத்துக் கமகம் பிடிப்பதை நீ சிறு வயதில் கற்றாயே, ஏறக்குறைய அந்த வேலைதான். வாசிக்கச் சொல்லிக் கொடுத்தவர் ஜான் வெஸ்ட்புரூக் என்னும் முதிய கருப்பினப் பண்ணைத் தொழிலாளி. கிட்டாரின் மேல் தலையைச் சாய்த்து அதன் அதிர்வை உடம்பில் வாங்கிக்கொள் என்று அவர் சொன்னதைக் கார்ல் கடைசிவரை நன்றியோடு சொல்லிக்கொண்டிருந்தார். கருப்பின மக்களின் பாட்டும் கன்ட்ரியும் கலந்து ராக்கபிலி என்று பிற்பாடு பெயர் பெற்ற இசை எங்கிருந்து வந்தது என்று பெரிய ஆராய்ச்சிகள் நடக்கின்றன. என்னைக் கேட்டால், அந்தப் பருத்தி வயலில் இந்த இருவரும் உட்கார்ந்திருந்த மாலைகளைத்தான் காட்டுவேன்.

பிறகு குடும்பம் ஜாக்சன் நகரப் பக்கம் பெயர்ந்தது. அண்ணன் ஜே, தம்பி கிளேட்டன், டிரம் வாசிக்க டபிள்யூ. எஸ். ஹாலண்ட் ஆகியோரைச் சேர்த்துக்கொண்டு, அடிதடிக்குப் பெயர்போன மதுக்கூடங்களில் இரவு வாசித்தார், பகலில் ரொட்டித் தொழிற்சாலையில் வேலை செய்தார். 1953இல் வால்டாவை மணந்தார். 1954இல் எல்விஸின் முதல் இசைத்தட்டு வானொலியில் ஒலித்தபோது, தாங்கள் வாசித்துவந்த அதே இசையை வெளியிட மெம்ஃபிஸில் ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்துகொண்டு, குழுவோடு சாம் பிலிப்ஸின் வாசலில் போய் நின்றார்.

1955இல் ஒரு நடனக்கூடத்தில், தன் ‘ஸ்வேட்’ என்னும் மென்தோல் காலணியை மிதித்துவிடாதே என்று ஓர் இளைஞன் தன்னோடு ஆடிய பெண்ணிடம் எரிந்து விழுந்ததைக் கார்ல் மேடையிலிருந்து கேட்டார். அத்தனை அழகான பெண்ணைவிடக் காலணி பெரிதா என்ற வியப்பு அவரைத் தூங்கவிடவில்லை. நடுநிசிக்குப் பிறகு எழுந்து, எழுதத் தாள் கிடைக்காமல், உருளைக்கிழங்கு வந்த பழுப்புப் பையில் பாட்டை எழுதினார். இராணுவத்தில் தான் கண்ட ஒருவனைப் பற்றி ஜானி கேஷும் முன்பே இப்படியொரு கதை சொல்லியிருந்தார். ‘புளூ ஸ்வேட் ஷூஸ்’ 1955 டிசம்பர் 19 அன்று பதிவாகி, 1956 தொடக்கத்தில் வெளிவந்தது. பாப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை ஏறியது மட்டுமின்றி, கன்ட்ரி பட்டியலிலும், கருப்பின மக்களின் இசைக்கென்று இருந்த ரிதம் அண்ட் புளூஸ் பட்டியலிலும் முன்வரிசைக்கு வந்தது. சன் நிறுவனத்துக்குப் பத்து லட்சம் பிரதிகள் விற்ற முதல் இசைத்தட்டு அதுதான்.

இனி வருவது, அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் வந்து நிற்கும் இடம். 1956 மார்ச் 22 அன்று, நியூயார்க்கில் பாடகர் பெரி கோமோவின் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்குப் போகும் வழியில், டெலவேர் மாநிலத்தின் டோவர் அருகே அவர்கள் சென்ற கார் ஒரு லாரியில் மோதியது. லாரி ஓட்டியவர் இறந்துபோனார். கார்லுக்குக் கழுத்தெலும்புகள் முறிந்தன. ஜேயின் காயம் இன்னும் மோசம். கார்ல் படுக்கையில் கிடந்தபோது ஏப்ரல் 3 அன்று எல்விஸ் அதே பாட்டைத் தொலைக்காட்சியில் பாடினார், கார்லுக்கு வரவேண்டிய அரியணை எல்விஸுக்குப் போய்விட்டது என்று கதையை முடிக்கிறார்கள்.

கேட்க உருக்கமாக இருக்கிறது. ஆனால் தேதிகளை அடுக்கிப் பார்த்தால் இது நிற்காது. எல்விஸ் அந்தப் பாட்டைப் பதிவு செய்தது ஜனவரி 30 அன்று. தொலைக்காட்சியில் பிப்ரவரி 11 அன்றே பாடிவிட்டார். மார்ச் 17 இரவில் ஒரு தொலைக்காட்சியில் கார்லும் இன்னொன்றில் எல்விஸும் இதே பாட்டைப் பாடியிருக்கிறார்கள். விபத்து அதற்கும் ஐந்து நாள் கழித்துத்தான் நடந்தது. எல்விஸின் பதிப்பு இருபதாம் இடத்தைத் தாண்டவில்லை. விற்பனையில் வென்றது கார்லுடையதுதான். தவறிப்போன பெரி கோமோ நிகழ்ச்சியிலும் மே மாதமே அவர் பாடிவிட்டார். இருவருக்கும் பகை இருந்ததாக நினைத்துக்கொள்ளாதே: எல்விஸின் வாத்தியக்காரர்கள் நியூயார்க் போகும் வழியில் டோவர் மருத்துவமனைக்கே சென்று அவரைப் பார்த்தார்கள். எல்விஸுக்கு இருபத்தோரு வயது, மணமாகாதவர், காமிராவுக்கென்றே பிறந்த முகம். கார்ல் பிள்ளைகுட்டிக்காரர், நாணம் மிகுந்த நாட்டுப்புறத்தார். விபத்து நடக்காதிருந்தாலும் அந்த அரியணையில் அவர் உட்கார்ந்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. தாமே பாட்டெழுதி, தாமே வாசித்து, தாமே பாடிய ஒருவரை இன்னொருவரின் நிழலாக மட்டும் காட்டும் இந்தப் பழக்கம் எனக்கு எரிச்சலூட்டுகிறது.

விபத்து உண்மையில் பறித்தது வேறு. ஜே முழுதாகத் தேறவே இல்லை. 1958இல் மூளைக் கட்டியால் இறந்தார். அண்ணன் பக்கத்தில் தாளம் பிடிக்காத மேடையில் கார்லுக்குக் குடிதான் துணையாயிற்று. அந்த ஆண்டே கொலம்பியா நிறுவனத்துக்கு மாறியும் பழைய வெற்றி திரும்பவில்லை. தம்பி கிளேட்டனும் 1973இல் தற்கொலை செய்துகொண்டார்.

இதற்கிடையே, அவருடைய பாட்டுகள் கடல் கடந்து பிழைத்துக்கொண்டிருந்தன. 1960இல் ஸ்காட்லாந்தில் வாசிக்கப் போனபோது பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் தமக்கு வைத்துக்கொண்ட மேடைப்பெயர் கார்ல் ஹாரிசன். 1964இல் சக் பெரியோடு பிரிட்டன் சுற்றுப்பயணம் சென்ற கார்லை பீட்டில்ஸ் குழுவினர் கொண்டாடினார்கள். ‘மேட்ச்பாக்ஸ்’ பாட்டை அக்குழுவின் ரிங்கோ பாடிப் பதிவு செய்தபோது கார்ல் லண்டனின் அபே ரோடு ஸ்டுடியோவில் இருந்து கேட்டார். அந்த ஆண்டில் மட்டும் அவருடைய பதிவுகளிலிருந்து மூன்று பாட்டுகளை அவர்கள் வெளியிட்டார்கள். அதே ‘மேட்ச்பாக்ஸ்’தான், நீ பார்த்த படம் எடுத்த நாளில், தந்தை பக் பெர்கின்ஸ் நினைவூட்டிய பழைய புளூஸ் வரிகளிலிருந்து கார்ல் உருவாக்கியது.

அறுபதுகளின் பிற்பகுதியில் ஜானி கேஷின் குழுவில் கிட்டார் வாசிக்கச் சேர்ந்தார். தன் பெயரில் பத்து லட்சம் விற்றவர் நண்பரின் பின்னால் நின்று வாசிப்பதைத் தாழ்வாக எண்ணவில்லை என்பதில்தான் எனக்கு அவர்மேல் மதிப்பு கூடுகிறது. ஃபோல்சம் சிறையில் 1968 ஜனவரியில் கேஷ் நடத்திய புகழ்பெற்ற கச்சேரியில் அவரும் உண்டு. கையிலிருந்த மதுப்புட்டியைப் பசிபிக் கடலில் வீசிவிட்டுக் குடியை விட்டதும் கேஷோடு இருந்த அந்த ஆண்டுகளில்தான். குடும்பமாகக் கூடிப் பாடியதைப் பற்றி அவர் எழுதிக் கொடுத்த ‘டாடி சாங் பேஸ்’ கேஷின் குரலில் கன்ட்ரி பட்டியலில் ஆறு வாரம் முதலிடத்தில் இருந்தது. 1981இல் ஜாக்சனில் குழந்தைகள் மீதான வன்கொடுமையைத் தடுக்கும் மையம் அவர் பெயரில் தொடங்கியது. அதற்காகக் கடைசிவரை நிதி திரட்டினார். 1998 ஜனவரி 19 அன்று, அறுபத்தைந்து வயதில், ஜாக்சனிலேயே இறந்தார். இறுதிச் சடங்கில் ஜார்ஜ் ஹாரிசன் கிட்டார் எடுத்து அவருடைய பாட்டொன்றைப் பாடினார்.

‘புளூ ஸ்வேட் ஷூஸ்’ பாட்டை முதலில் எல்விஸ் பாடியதிலும் பிறகு கார்ல் பாடியதிலும் கேட்டுப் பார். எல்விஸ் தொடக்க வரிகளை ஒரே ஓட்டமாக ஓடிவிடுவார். கார்லோ சற்று நிதானமாக, ஒவ்வொரு வரிக்கும் பிறகு நின்று, இரண்டு தட்டு தட்டிவிட்டு அடுத்ததற்குப் போவார். நடுவில் வரும் கிட்டாரில் தந்தி வளைவதையும் கவனி. உன் ஊரிலிருந்து நெடுஞ்சாலை 40இல் கிழக்கே ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ஓட்டினால் ஜாக்சன் வந்துவிடும். வார இறுதியில் ஓய்வு கிடைத்தால் போய்வா. உன் அம்மா இரவில் தனியாக ஓட்டிக்கொண்டு திரும்பாதே என்று எழுதச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா