கார்பன் தாளுக்கு மேலே இருந்த பக்கம்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. உடனே பதில் எழுத முடியாமல் போனதற்கு ஒரு நல்ல செய்திதான் காரணம். நான் பாட்டியாகிவிட்டேன். பெண் குழந்தை, 2.8 கிலோ எடை. மகளும் குழந்தையும் நலம். அந்தக் களேபரம் அடங்குவதற்குள் வீடு மாற்ற வேண்டி வந்தது. இப்போதும் பாதிப் பெட்டிகள் கயிறு கட்டியபடியே கிடக்கின்றன. அவற்றின் நடுவில் ஓர் இடம் ஒதுக்கிக்கொண்டு இதை எழுதுகிறேன்.

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? தையல் பிரித்தாயிற்றா? படி ஏறும்போது வலிக்கிறதா, இல்லையா? நீ எதையும் எழுதவில்லை. விழுந்ததைப் பற்றி நான்கு வரி எழுதியிருக்கிறாய். யாரும் திரும்பிப் பார்க்காததைப் பற்றி இரண்டு பக்கம். வலி எந்த இடத்தில் என்பது அதிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கால் இடறி, பை ஒரு பக்கம், மூக்குக்கண்ணாடி ஒரு பக்கம் என்று சிதறி, தரையில் உட்கார்ந்திருந்தாய். "அத்தனை கால்களும் என்னைச் சுற்றிக்கொண்டு போயின" என்று எழுதியிருந்தாய். அந்த வரியை நான் பலமுறை படித்தேன். கண்ணாடி இல்லாமல் உனக்கு முகங்கள் தெரிந்திருக்காது, கால்கள்தான் தெரிந்திருக்கும். கடைசியில் ஒரு கேள்வி கேட்டிருந்தாய். மனிதர்களிடம் ஈரம் வற்றிவிட்டதா, இல்லை, எப்போதும் இவ்வளவுதான் இருந்ததா?

ஆறுதலாக ஏதோ ஒரு வரி எழுதி இந்தக் கேள்வியிலிருந்து நழுவ எனக்கு மனமில்லை. உன் கோபம் நியாயமானது. ஆனாலும் அந்தக் கால்களைப் பற்றி நான் நினைப்பதை உன்னிடம் சொல்லியே ஆக வேண்டும்.

சின்னவன் உளவியல் படிக்கிறான் அல்லவா, அவன் பாடத்தில் வந்த ஒரு சோதனையைப் பற்றிச் சொன்னான். கேட்ட நாளிலிருந்து அது என்னை விடவில்லை. அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் டார்லி, பேட்சன் என்ற இருவர் நடத்தி 1973-இல் வெளியிட்ட ஆய்வு அது. இறையியல் படிக்கும் மாணவர்கள் 40 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொருவரும் பக்கத்துக் கட்டடத்துக்குப் போய் ஒரு சிறிய உரை ஆற்ற வேண்டும். அவர்களில் பாதிப் பேருக்குக் கொடுத்த தலைப்பு, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதை. போகிற வழியில் ஓர் ஆள் தலை கவிழ்ந்து, இருமியபடி, சுருண்டு கிடக்கிறார். ஆய்வாளர்களே ஏற்பாடு செய்து வைத்த ஆள். நேரம் நிறைய இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் அவருக்கு உதவ முன்வந்தார்கள். நேரமாகிவிட்டது, சீக்கிரம் போ என்று விரட்டப்பட்டவர்களில் 10 சதவீதம் பேர்தான். சமாரியனைப் பற்றிப் பேசப் போனவர்களிலேயே சிலர் அந்த ஆளைத் தாண்டிக் கால் வைத்துப் போயிருக்கிறார்கள்.

அவர்கள் கல்நெஞ்சக்காரர்களா? பிறருக்கு ஊழியம் செய்வதற்காகவே படிக்க வந்த பிள்ளைகள். விரைந்து போனவனுக்கும் நின்று உதவியவனுக்கும் மனம் ஒன்றுதான்; ஒருவனுக்குக் கையில் நேரம் இருந்தது, இன்னொருவனுக்கு இல்லை. உன்னைச் சுற்றிக்கொண்டு போன கால்களை நான் அப்படித்தான் பார்க்கிறேன். காலை எட்டரை மணிக்கு பஸ்ஸை விட்டால் வேலைக்குத் தாமதம், ஒரு நாள் சம்பளம் போகும் என்கிற கால்கள். மன்னித்துவிடு என்று உன்னிடம் கேட்கவில்லை. ஈரம் வற்றிவிட்டது என்ற முடிவுக்கு மட்டும் வந்துவிடாதே என்கிறேன்.

கூட்டமும் ஒரு காரணம். இதே டார்லியும் லட்டானே என்பவரும் 1968-இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு உண்டு. காதில் மாட்டிய ஹெட்போன் வழியாக, வேறோர் அறையில் ஒருவருக்கு வலிப்பு வந்து தவிக்கும் குரல் கேட்கிறது. தனக்கு மட்டும்தான் அது கேட்கிறது என்று நம்பியவர்களில் 85 சதவீதம் பேர் அந்தக் குரல் ஓய்வதற்குள் உதவி தேடி எழுந்தார்கள். தன்னைப் போல் இன்னும் நான்கு பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தவர்களில் 31 சதவீதம் பேர்தான் அப்படி எழுந்தார்கள். யாராவது போவார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்தால், கடைசியில் ஒருவரும் போவதில்லை. அதனால்தான் சின்னவன் எனக்கு ஒன்று சொல்லித் தந்தான், நீயும் நினைவில் வைத்துக்கொள். அப்படி ஒரு நிலைமையில் பொதுவாக "யாராவது வாருங்கள்" என்று கூப்பிடக் கூடாது. ஒரே ஓர் ஆளைப் பார்த்து, "நீலச் சட்டை போட்ட தம்பி, கொஞ்சம் கை கொடு" என்று கேட்க வேண்டும். அந்தத் தம்பியால் அப்புறம் நகர முடியாது.

உன் கடிதத்தில் அரை வரி ஒன்று இருக்கிறது. பள்ளிச் சீருடையில் ஒரு பெண் வந்து கண்ணாடியை எடுத்து, துடைத்து, உன் கையில் கொடுத்துவிட்டுப் போனாள் என்று எழுதிவிட்டு அடுத்த பத்தியில் மறுபடி கோபத்துக்குப் போய்விட்டாய். எனக்கோ அந்த அரை வரியிலிருந்து நகரவே முடியவில்லை. எடுத்துக் கொடுத்ததோடு நிற்காமல் துடைத்திருக்கிறாளே! மண்ணோடு கொடுத்தால் நீ போட்டுக்கொள்ள முடியாது என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. அந்த நேரத்தில் அவள் பள்ளியில் மணி அடித்திருக்கும். அவளுக்கும் அவசரம்தான். அவளைப் பற்றி இன்னும் கொஞ்சம் எழுது. என்ன வயதிருக்கும்? எதனால் துடைத்தாள்? ஏதாவது பேசினாளா?

பிரசவத்துக்காக மருத்துவமனையில் காத்திருந்த இரவில் நானும் அப்படி ஒன்றைப் பார்த்தேன். விடியற்காலை மூன்று மணி இருக்கும். நான் நாற்காலியில் கால்களை மடக்கிக்கொண்டு அரைத் தூக்கத்தில் இருந்தேன். தரை துடைக்கும் அம்மா ஒருவர் வாளியோடு வந்தார். என் செருப்புகள் தரையில் கிடந்தன. துடைப்பத்தால் ஓரமாகத் தள்ளிவிட்டுப் போயிருக்கலாம், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அவர் குனிந்து, இரண்டையும் கையால் எடுத்து, துடைத்து உலர்ந்த பக்கத்தில் ஜோடி சேர்த்து வைத்தார். எழுந்ததும் நான் கால் வைக்கும் திசையைப் பார்த்துத் திருப்பி வைத்தார். நான் விழித்திருக்கிறேன் என்பது அவருக்குத் தெரியாது. கேமரா இல்லை, நன்றி சொல்ல ஆளில்லை. உதவி வாங்குகிறவரின் கலங்கிய முகத்தைப் படம் பிடித்து ஊருக்குக் காட்டுகிறார்களே, அதை என்னால் ஏற்கவே முடியவில்லை. வாங்குகிற கைக்கும் மானம் உண்டு. அந்த அம்மாவிடம் காலையில் நன்றி சொல்ல வேண்டும் என்று தேடினேன். அவர் பணி முடிந்து போய்விட்டார்.

மகளின் ரத்தம் ஓ நெகட்டிவ், குழந்தையின் ரத்தம் பாசிட்டிவ். பிரசவம் முடிந்ததும் 72 மணி நேரத்துக்குள் ஓர் ஊசி போட வேண்டும் என்றார் மருத்துவர். ஆன்ட்டி-டி என்று பெயர். குழந்தையின் ரத்த அணுக்கள் தாயின் உடம்பில் கலந்தால், அந்த உடம்பு அவற்றைப் பகை என்று நினைத்து எதிர்ப்பொருளை உண்டாக்கிவிடுமாம். முதல் குழந்தைக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அடுத்த குழந்தையின் ரத்தமும் பாசிட்டிவாக இருந்தால், அது வயிற்றில் இருக்கும்போதே அதன் ரத்தம் சிதையலாம். அதைத் தடுக்கத்தான் இந்த ஊசி. விரல் நீளத்துக்கு ஒரு சிரிஞ்ச், அதில் கொஞ்சம் தெளிந்த திரவம். இது எதிலிருந்து செய்வது என்று கேட்டேன். மனிதர்கள் தானமாகக் கொடுத்த பிளாஸ்மாவிலிருந்து, அதாவது ரத்தத்தின் திரவப் பகுதியிலிருந்து, என்றார் ஊசி போட வந்த செவிலிப் பெண். மகளின் பேறுகாலத்துக்காக யாரோ முகம் தெரியாத ஒருவர் எப்போதோ கை நீட்டிப் படுத்திருந்திருக்கிறார் என்று அப்போதுதான் உறைத்தது.

வீட்டுக்கு வந்து இதைப் பற்றித் தேடிப் படித்தேன். ஆஸ்திரேலியாவில் ஜேம்ஸ் ஹாரிசன் என்று ஒருவர் இருந்தார். 14 வயதில் அவருக்குப் பெரிய மார்பு அறுவைச் சிகிச்சை நடந்தது. முன்பின் தெரியாதவர்கள் கொடுத்த ரத்தத்தால் பிழைத்தார். வயது வந்ததும் நானும் கொடுப்பேன் என்று முடிவு செய்து, 18 வயதில் தொடங்கினார். இந்த ஊசி மருந்தைச் செய்யத் தேவையான எதிர்ப்பொருள் அவர் பிளாஸ்மாவில் நிறைய இருப்பது பிறகு தெரிந்தது. 2018-இல் 81 வயதில் நிறுத்தும்வரை 1,173 முறை கொடுத்திருக்கிறார். அதனால் காப்பாற்றப்பட்ட குழந்தைகள் 24 லட்சம் பேர் என்று அந்நாட்டு ரத்த தான அமைப்பு கணக்கிட்டிருக்கிறது. 2025 பிப்ரவரியில், 88 வயதில் காலமானார். இவ்வளவையும் விட என்னை உலுக்கியது வேறு ஒன்று. அவருக்கு ஊசி என்றால் பயம். ஒரு தடவைகூட ஊசி ஏறுவதைப் பார்த்ததில்லையாம். ஒவ்வொரு முறையும் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு கையை நீட்டியிருக்கிறார். 1,173 முறை! பிள்ளைப் பருவத்தில் யாரோ கொடுத்ததை மறக்காமல் இருந்ததால் அல்லவா இவ்வளவும் நடந்தது.

மறக்காமல் இருப்பது என்றதும் உனக்கு எழுத நினைத்த முக்கியமான விஷயத்துக்கு வந்துவிட்டேன்.

நம் பள்ளி இறுதி வருடத்தில் எனக்கு மஞ்சள் காமாலை வந்து ஐந்து வாரம் படுக்கையில் இருந்தது உனக்கு நினைவிருக்கலாம். நிறையப் பேர் வந்து பார்த்தார்கள். "ஏதாவது வேண்டுமென்றால் கூச்சப்படாமல் சொல்" என்று ஒவ்வொருவரும் சொன்னார்கள். நல்ல மனத்தோடுதான் சொன்னார்கள். ஆனால் படுத்துக் கிடக்கிறவருக்கு அந்தச் சொல் ஒரு பாரம். என்ன வேண்டும் என்று யோசிக்க வேண்டும், யாரிடம் கேட்கலாம் என்று தேர்ந்தெடுக்க வேண்டும், கேட்பதற்கு மனத்தைத் திடப்படுத்திக்கொள்ள வேண்டும். நான் ஒருவரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. அன்றிலிருந்து நோயில் இருக்கும் யாரிடமும் அந்தச் சொல்லை நான் சொல்வதில்லை. "நாளை பத்து மணிக்கு வருகிறேன், துணிகளை எடுத்துப் போய்த் துவைத்துக் கொண்டுவருகிறேன்" என்று சொல்லப் பழகிக்கொண்டேன். இதை உன்னிடமிருந்துதான் கற்றேன். நீ என்னிடம் எதுவும் கேட்கவில்லை. இரண்டாம் நாள் மாலை நான்கு தாள்களை நீட்டினாய். அன்றைய உயிரியல் பாடம். "எப்படியும் நான் எழுதத்தானே போகிறேன். கீழே ஒரு கார்பன் தாள் வைத்தால் உனக்கும் ஆயிற்று. எனக்கு ஒரு சிரமமும் இல்லை" என்றாய். அதன் பிறகு ஒரு நாள்கூடத் தவறாமல் தாள்கள் வந்தன.

வீடு மாற்றும்போது பழைய பெட்டியின் அடியில் அந்தக் கட்டு கிடைத்தது. நூல் இற்றுப்போயிருந்தது, தாள்கள் ஓரமெல்லாம் பழுப்பேறியிருந்தன. இதயத்தின் குறுக்குவெட்டுப் படத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். நீ சாய்த்து எழுதும் "ழ", பாகங்களுக்கு நேராக அளவுகோல் வைத்துப் போட்ட கோடுகள், ஓரத்தில் கட்டம் கட்டி "இது கட்டாயம் வரும்" என்ற குறிப்பு. தாளைத் திருப்பிப் பின்பக்கம் விரலால் தடவினேன். பேனா அழுத்தி எழுதிய மேடு தட்டுப்பட்டது. மறுபடி முன்பக்கம் பார்த்தேன். கோடுகள் பளபளப்பாக, கூர்மையாக இருந்தன. கார்பன் பிரதி அப்படி இருக்காது. அலுவலகத்தில் எத்தனை வருடம் கார்பன் பிரதிகளைக் கோப்பில் சேர்த்திருக்கிறேன்! எழுத்து மங்கலாக இருக்கும், தொட்டால் விரலில் கறை ஒட்டும், கை அழுந்திய இடமெல்லாம் நீலத் தீற்றலாக இருக்கும். இந்தத் தாள்களில் அப்படி ஒரு தீற்றல்கூட இல்லை. ஒன்றுவிடாமல் எல்லாத் தாள்களையும் எடுத்துப் பார்த்தேன். எல்லாமே பேனா தொட்ட தாள்கள். அந்த வயதில் நான் பாடத்தைப் பார்த்தேன், தாளைப் பார்க்கவில்லை.

எனக்குக் கொடுத்தது பிரதி என்று இத்தனை வருடமும் நம்பிக்கொண்டிருந்தேன். மேல் தாளை எனக்குக் கொடுத்துவிட்டு, கீழ்த் தாளை வைத்துக்கொண்டு நீ தேர்வுக்குப் படித்திருக்கிறாய்.

தரையில் உட்கார்ந்தபடி நெடுநேரம் அழுதேன். பெட்டி கட்ட வந்தவர்கள் பதறிப் போனார்கள்.

ஈரம் எப்போதும் இவ்வளவுதான் இருந்ததா என்று நீயா கேட்பது? அத்தனை நாள்களின் தாள்களும் என் மடியில் இருக்கின்றன. ஒரே ஒரு பக்கத்தை மட்டும் நகலெடுத்து இதோடு வைத்திருக்கிறேன். மற்றவற்றை உன்னிடம் திருப்பித் தருவதாக இல்லை. முழங்கால் சரியானதும் வா, இரண்டு பேரும் சேர்ந்து பார்க்கலாம். குழந்தையையும் நீ இன்னும் பார்க்கவில்லையே.

பதிலில் அந்தப் பள்ளிப் பெண்ணைப் பற்றி எழுத மறக்காதே. இன்னொன்றும் எழுது. உன்னிடம் இருந்த கீழ்த் தாள்களில் எழுத்து தெரிந்ததா? கடைசி வாரத்தில் அந்தக் கார்பன் தேய்ந்துபோயிருக்குமே, எப்படிப் படித்தாய்?

என்றும் அன்புடன்,
உன் பக்கத்து இருக்கைக்காரி