செயலாளரின் ஆண்டறிக்கை

அன்பார்ந்த உறுப்பினர்களுக்கு வணக்கம்.

இவ்வாண்டு நம் சங்கத்தின் உழைப்பில் பெரும்பகுதி மலாயன் ரயில் பாதை மாதிரியின் ரயில்வே கேட்டுக்கே போனது. 2011 ஜூன் 30-ஆம் தேதி சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் நிலையத்திலிருந்து கடைசி ரயில் புறப்பட்டுவிட்டது. அதன்பின் பிறந்த பிள்ளைகள் இந்தத் தீவில் ரயிலுக்காகச் சாலை நின்றதைப் பார்த்ததில்லை. ஆகவே, ரயில் வரும்போது மட்டும் இரு சிவப்பு விளக்குகளும் மாறி மாறி மின்னவேண்டும் என்பதில் செயற்குழு உறுதியாக இருந்தது.

இதற்கு 555 என்ற நேரங்காட்டி ஐசி இரண்டு போதும்: முதலாவது விளக்குகள் எவ்வளவு நேரம் இயங்கவேண்டும் என்பதைத் தீர்மானிக்கும், இரண்டாவது அவற்றை மின்னவைக்கும். தண்டவாளத்தின் அடியில் ரீட் சுவிட்ச் (காந்தம் அருகில் வந்தால் மூடிக்கொள்ளும் சுவிட்ச்), எஞ்சினின் அடியில் சிறு காந்தம். முதல் ஐசிக்கு 180 கிலோஓம் ரெசிஸ்டர், 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். இரண்டையும் பெருக்கி 1.1-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 20 விநாடி. எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் 20 விழுக்காடு முன்பின் இருக்கும் என்பதால் கடிகாரம் வைத்து அளந்து ரெசிஸ்டரை மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டாவது ஐசிக்கு 1 கிலோஓம், 47 கிலோஓம் ரெசிஸ்டர்கள், 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். நிமிடத்துக்குச் சுமார் 90 முறை மின்னும். ஒரு எல்இடி அதன் 3-ஆம் காலிலிருந்து (வெளியீடு) தரைக்கு, மற்றது பிளஸ்ஸிலிருந்து 3-ஆம் காலுக்கு. ஒவ்வொன்றுக்கும் 470 ஓம்.

முதலில், இரண்டாவது ஐசியின் 4-ஆம் காலை (ரீசெட்) முதல் ஐசியோடு இணைத்தோம். ரயில் போன பிறகும் ஒரு விளக்கு அணையவே இல்லை. 4-ஆம் கால் தாழ்ந்தால் 3-ஆம் காலும் தாழ்ந்தே நிற்கும். பிளஸ்ஸிலிருந்து வரும் எல்இடி அப்போது எரியத்தான் செய்யும். இப்போது இரண்டாவது ஐசியின் 4, 8-ஆம் கால்களுக்கும் அந்த எல்இடிக்கும் முதல் ஐசியின் 3-ஆம் காலே மின்சாரம் தருகிறது. 9 வோல்ட் கொடுத்தால் சுமார் 7.5 வோல்ட் கிடைக்கும். இரு எல்இடிக்குத் தாராளம். முதல் மின்னல் மட்டும் சற்று நீளும். கெப்பாசிட்டர் சுழியத்திலிருந்து நிரம்புவதே காரணம், பழுதல்ல.

எஞ்சின் ரீட் சுவிட்சின் மேலேயே நின்றுவிட்டால் நேரம் முடிந்தும் விளக்கு அணையாது. சுவிட்சுக்கும் முதல் ஐசியைத் தூண்டும் 2-ஆம் காலுக்கும் நடுவே 0.01 மைக்ரோஃபாரட் வைத்து, அதன் இரு பக்கத்திலிருந்தும் பிளஸ்ஸுக்கு 10 கிலோஓம் போடுங்கள். ரயிலே வராமல் விளக்கு எரிந்தால் நீண்ட ஒயரில் மோட்டாரின் மின் இரைச்சல் ஏறியிருக்கும்: ஒயரை முறுக்குங்கள், 5-ஆம் காலிலிருந்து தரைக்கு 0.01, 1-க்கும் 8-க்கும் இடையே 0.1 மைக்ரோஃபாரட்.

நேரத்தை நீட்ட 1 மெகாஓம் போடவேண்டாம். பழைய கெப்பாசிட்டரின் கசிவு அதைக் குலைத்துவிடும். நம் ஊர் ஈரப்பதத்தில், பற்றவைத்தபின் துடைக்காமல் விட்ட ஃபிளக்ஸ் பசை வழியாகவும் மின்சாரம் கசியும்.

பணிமனைக் காட்சியின் வெல்டிங் ஒளியும் முடிந்தது. கேட் கம்பத்தை சர்வோ என்ற சிறு மோட்டாரால் மெல்ல இறக்கும் வேலை அடுத்த ஆண்டுக்குரியது. கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியே சமர்ப்பிக்கிறார். ஒவ்வொரு காட்சிப் பலகையின் அடியிலும் அதன் சர்க்யூட் படத்தை ஒட்டவேண்டும் என்ற தீர்மானத்தைக் கூட்டத்தின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.

செயலாளர்