மிஸ் மார்ப்பிளுக்கு ஒரே ஒரு வரிதானா?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த துப்பறியும் நாவல்கள் பற்றிய கட்டுரையை ஆசையாகப் படித்தேன். ஹோம்ஸுக்கும் பொய்ரோவுக்கும் பத்தி பத்தியாக இடம், அகதா கிறிஸ்டியின் கதைகளில் துப்பறியும் மூதாட்டி மிஸ் மார்ப்பிளுக்கு மட்டும் ‘வம்பு பேசும் பாட்டி’ என்று ஒரே வரி. படித்ததும் மனசு கேட்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

அகதா கிறிஸ்டி 1950-ல் எழுதிய ‘எ மர்டர் இஸ் அனவுன்ஸ்டு’ நாவலையே எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளூர்ப் பத்திரிகையில் ஒரு விளம்பரம்: அக்டோபர் 29, வெள்ளிக்கிழமை மாலை 6.30 மணிக்கு இன்ன வீட்டில் ஒரு கொலை நடக்கும். ஏதோ விளையாட்டு என்று நினைத்து அக்கம்பக்கத்தார் கிளம்பி வருகிறார்கள், சொன்ன நேரத்துக்கு விளக்கு அணைகிறது, துப்பாக்கி வெடிக்கிறது. இன்ஸ்பெக்டர் கிராடாக் வீடு வீடாகப் போய் விசாரிக்கிறார். மார்ப்பிளோ அந்த வீட்டில் தங்கியிருக்கும் டோரா பன்னரோடு காபிக் கடையில் உட்கார்ந்து பேசுகிறார், அவ்வளவுதான். அந்த அம்மாள் போகிற போக்கில் கொட்டும் பேச்சில்தான் விஷயமே இருக்கிறது. ஆபத்து, துருவாதீர்கள் என்று கிராடாக் கெஞ்சும்போது, வயசான பெண்கள் துருவுவது வழக்கம், நான் சும்மா இருந்தால்தான் சந்தேகம் வரும் என்கிறார் மார்ப்பிள். எவ்வளவு தெளிவு பாருங்கள்! அவருக்குச் சீருடை கிடையாது, கூலி கிடையாது, கல்யாணமும் ஆகவில்லை, யாரையும் கேட்டுக்கொண்டு எதையும் செய்வதில்லை.

அப்புறம் இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஊருக்குள் புது ஆட்கள் வந்துவிட்டார்கள், முன்பெல்லாம் யார் யாரென்று எல்லோருக்கும் தெரியும், இப்போது அவரவர் தன்னைப் பற்றிச் சொல்வதை நம்புவதைத் தவிர வழியில்லை என்று மார்ப்பிள் சொல்லும் இடம். கையில் அடையாள அட்டை இருக்கிறது, ஆனால் அதில் படமும் இல்லை, கைரேகையும் இல்லை. நிலக்கரிக்கும் வெண்ணெய்க்கும் பங்கீடு இருந்த அன்றைய இங்கிலாந்தைச் சரியாகப் படித்தவர் சொல்லும் பேச்சு இது. இதையா வம்பு என்பது?

முடிவைச் சொல்லிக் கெடுக்க மாட்டேன். இனிமேல் படிக்கப்போகிறவர்கள் விளக்கு அணையும் அந்தக் காட்சியை மட்டும் நிதானமாகப் படியுங்கள், யார் எங்கே நின்றார்கள் என்று பார்த்துக்கொண்டே.

இப்படிக்கு,
ஒரு வாசகி, மதுரை