எஃப்எம் பாடுகிறது, அதனால் ரிசீவரில் குறை இல்லையாம்!

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவு மேலாளர் அவர்கள்

பொருள்: 5.2 ஏவி ரிசீவரின் இ-ஏஆர்சி கோளாறு 7 வாரமாகியும் சரிசெய்யப்படாதது. புதிய ரிசீவர் அல்லது முழுப் பணத்தையும் திரும்பக் கேட்பது.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். இது நான் உங்களுக்கு எழுதும் நான்காவது மின்னஞ்சல். முந்தைய மூன்றுக்கும் "உங்கள் கருத்து எங்களுக்கு மிக முக்கியம்" என்று ஒரு நிமிடத்துக்குள் பதில் வந்தது. அதோடு சரி. இந்த முறையாவது மனிதர் யாராவது படியுங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். மாடல் எண், சீரியல் எண், பில் எல்லாம் இணைப்பில் இருக்கின்றன. அவற்றை மறுபடி கேட்டு எழுத வேண்டாம். பதினோரு போன் காலிலும் சொல்லியாகிவிட்டது.

குறை ஒன்றே ஒன்றுதான். டிவியிலிருந்து இ-ஏஆர்சி வழியாக, அதாவது டிவியின் சத்தத்தை எச்டிஎம்ஐ கேபிளிலேயே ஸ்பீக்கர்களை ஓட்டும் ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் வசதி வழியாக, வரும் சத்தம் பத்து பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை அறுந்துபோகிறது. பெட்டிக்குள் 'டிக்' என்று ஒரு ரிலே தட்டும். இரண்டு மூன்று விநாடி ஒன்றுமே கேட்காது. மறுபடி ஒரு 'டிக்', சத்தம் வந்துவிடும். இரண்டு விநாடிதானே என்பீர்கள். படத்தில் கொலையாளியின் பெயரைச் சொல்லும் இரண்டு விநாடியாக அது அமைந்தால் தெரியும். இப்போது வீட்டில் எல்லோரும் படத்தைப் பார்ப்பதில்லை, அடுத்த 'டிக்' எப்போது என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

இந்த மாடலை நான் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. மூன்று மாதம் படித்துப் பார்த்துத்தான் வாங்கினேன். அட்டைப் பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் வாட்டை நம்பவில்லை. கீழே பொடி எழுத்தில் "6 ஓம், 1 கிலோஹெர்ட்ஸ், ஒரு சேனல் மட்டும்" என்று இருந்ததையும் படித்தேன். 8 ஓம் ஸ்பீக்கரில், இரண்டு சேனல் ஓடும்போது, 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை எவ்வளவு என்று கையேட்டில் வேறொரு கணக்கு இருக்கிறதே, பெரிய எழுத்தில் போட்ட வாட்டில் பாதிகூட வராத கணக்கு, அதைப் பார்த்து என் சின்ன அறைக்கு அதுவே தாராளம் என்று முடிவு செய்தேன். கூரை ஸ்பீக்கர் வைக்கப் போவதில்லை, ஆகவே ஏழு சேனல் தேவையில்லை. 4கே 120 ஹெர்ட்ஸ் படம், அதாவது கேமுக்கான விநாடிக்கு 120 பிரேம் ஓடும் மிகத் துல்லியப் படம், இந்த ரிசீவர் வழியாகப் போகாது என்பதும் தெரியும். அதற்காகத்தான் மகளின் கேம் கன்சோலை நேராக டிவியில் செருகி, சத்தத்தை மட்டும் இ-ஏஆர்சியில் ரிசீவருக்குக் கொண்டுவருவது என்று திட்டம். வாங்குவதற்கு முன்பு உங்கள் விற்பனை ஆலோசகரிடம் இதைச் சொன்னபோது, "கரெக்டா சொன்னீங்க சார், அதுக்குத்தான் இந்த மாடலே" என்றார். விற்கும்வரை எல்லாம் கரெக்ட்தான்.

எனவே "இ-ஏஆர்சியை அணைத்துவிட்டு வெறும் ஏஆர்சியில் ஓட்டுங்கள்" என்று உங்கள் ஆட்கள் சொல்வது எனக்குத் தீர்வே அல்ல. ஏஆர்சியில் பல சேனல் பிசிஎம், அதாவது சுருக்காத டிஜிட்டல் ஒலி, வராது, இரண்டு சேனலாகச் சுருங்கிவிடும். இதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டுமா? ஐந்து ஸ்பீக்கரும் அடித்தொனிக்கு ஒரு சப்வூஃபரும் வாங்கி வைத்துவிட்டு இரண்டில் மட்டும் கேட்பதற்கு நான் பழைய ஸ்டீரியோவையே வைத்துக்கொண்டிருப்பேன்.

இப்போது அந்த ஒன்பதாவது காலுக்கு வருகிறேன். அதற்கு முன்பு பேசியவர்கள் ஒன்றும் தெரியாதவர்களாக இருந்தாலும் மரியாதையாகப் பேசினார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். ஒன்பதாவது காலில் பேசியவர் 25 நிமிடம் காத்திருக்க வைத்துவிட்டு வந்து, நான் பாதி சொல்லும்போதே குறுக்கிட்டு, "சார், நீங்க வாங்கினது எங்க ரேஞ்சிலேயே விலை கம்மியான மாடல். அதுகிட்ட போய் இவ்வளவு எதிர்பார்த்தா எப்படி?" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொன்னதும் காதில் விழுந்தது. அப்புறம், "இதெல்லாம் புது டெக்னாலஜி சார், கொஞ்சம் அப்படித்தான் இருக்கும்" என்றார்.

எது புதிது? இ-ஏஆர்சி 2017-ல் எச்டிஎம்ஐ 2.1 தரத்தோடு வந்தது. அதற்கு அப்பனான ஏஆர்சி வந்தது 2009-ல். உங்கள் பெட்டியின் முகப்பிலேயே அந்தச் சின்னத்தை அச்சடித்திருக்கிறீர்கள். விலை குறைவு என்றால் வாட் குறைவாக இருக்கலாம், சேனல் குறைவாக இருக்கலாம், ரிமோட் லேசாக இருக்கலாம். அதற்கெல்லாம் சம்மதித்துத்தான் வாங்கினேன். அச்சடித்த வசதி வேலை செய்யாமல் இருக்கலாம் என்று எந்த விலைப் பட்டியலில் போட்டிருக்கிறது? அந்த அழைப்பு முடிந்த கையோடு "எங்கள் சேவைக்கு ஐந்து நட்சத்திரம் தாருங்கள்" என்று குறுஞ்செய்தி வேறு.

இன்னொருவர், மைக் வைத்து ஸ்பீக்கர்களின் தூரத்தையும் சத்தத்தையும் ரிசீவரே அளந்து சரிசெய்யும் அளவுத்திருத்தத்தில்தான் தப்பு என்றார். காமிரா ஸ்டாண்டில், உட்கார்ந்தால் காது வரும் உயரத்தில் மைக்கை வைத்து, மின்விசிறியை அணைத்து, வீட்டில் ஒருவர்கூட இருமாமல் செய்த திருத்தம் அது. சப்வூஃபர் இருப்பது மூன்று மீட்டரில், ரிசீவர் காட்டியது ஐந்து மீட்டர். "அதான் சார் பிரச்சினை, மூணுன்னு மாத்துங்க" என்றார். சப்வூஃபருக்குள் இருக்கும் சுற்று சத்தத்தைக் கொஞ்சம் தாமதப்படுத்தும், அந்தத் தாமதத்தையும் சேர்த்துத்தான் தூரம் கூடுதலாகக் காட்டும், மாற்றாதீர்கள் என்று உங்கள் கையேட்டிலேயே இருக்கிறது. அதை நான் வாசித்துக் காட்டியதும் "அப்படியா சார்" என்றார். உங்கள் பொருளைப் பற்றி உங்கள் ஆளுக்கு நான் பாடம் எடுக்கிறேன்! சப்வூஃபர் எவ்வளவு தூரத்தில் இருந்தால் என்ன, அதற்கும் சத்தம் அறுவதற்கும் என்ன சம்பந்தம்?

கேபிள் கதையும் இருக்கிறது. முதலில் கேபிளை மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன். அது போதாது, 48 ஜிபிபிஎஸ் கேபிள் வாங்குங்கள் என்றார்கள், வாங்கினேன். பிறகு நீளம் அதிகம், இரண்டு மீட்டருக்குள் வாங்குங்கள் என்றார்கள். அதையும் வாங்கினேன். ஈதர்நெட் வசதியுள்ள சாதாரண ஹை ஸ்பீட் கேபிளே இ-ஏஆர்சிக்குப் போதும் என்று அப்புறம்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். மூன்று கேபிளும் இழுப்பறையில் சுருண்டு கிடக்கின்றன. மூன்றிலும் 'டிக்' ஒரே மாதிரிதான் வந்தது.

சரி, டிவியில்தான் கோளாறோ என்று நானே சோதித்தேன். என் மச்சானின் ரிசீவரை, அது வேறு கம்பெனி, கொண்டுவந்து அதே டிவியில் அதே கேபிளில் மாட்டினேன். ஒரு முழு இரவு ஓடியது, ஒருமுறைகூட அறவில்லை. உங்கள் ரிசீவரை அவர் வீட்டு டிவியில் மாட்டினோம். பன்னிரண்டாவது நிமிடத்தில் 'டிக்'. டிஸ்க் பிளேயரை நேராக ரிசீவரின் எச்டிஎம்ஐ உள்ளீட்டில் கொடுத்தால் மூன்று மணி நேரப் படமும் சுத்தமாக ஓடுகிறது. ஆகவே ஆம்ப்ளிஃபயர் நன்றாக இருக்கிறது, ஸ்பீக்கர் நன்றாக இருக்கிறது, ஒயரில் ஒரு செப்பு இழைகூட வெளியே நீட்டிக்கொண்டு இல்லை, வெப்பத்தாலும் இல்லை. கெட்டிருப்பது இ-ஏஆர்சியைக் கையாளும் பகுதி மட்டும்தான். இந்த மூன்று சோதனையையும் எழுதி உங்களுக்கு இரண்டாவது மின்னஞ்சலில் அனுப்பினேன். போனில் கேட்டால் "டிவி நிறுவனத்தைத் தொடர்பு கொள்ளவும்" என்று பதில். அவர்களைக் கேட்டால் ரிசீவர் நிறுவனத்தைக் கேட்கச் சொல்கிறார்கள். நடுவில் நான் பந்து.

உங்கள் சர்வீஸ் சென்டருக்குப் போன நாளை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. ஒரு நாள் லீவு போட்டேன். பின்னால் பதினான்கு ஒயரைக் கழற்றி, ஒவ்வொன்றிலும் துண்டுக் காகிதம் ஒட்டி, பெட்டியில் போட்டு எடுத்துப் போனேன். எடை 7.5 கிலோ. (ஏழரை. எனக்குப் பொருத்தமான எண்தான்.) மாடிப்படி வேறு. இரண்டு மணி நேரம் உட்கார வைத்த பிறகு டெக்னீஷியன் வந்து, ரிசீவரில் ஒரே ஒரு ஸ்பீக்கரை மாட்டி, ஏரியல் ஒயரைச் செருகி எஃப்எம் போட்டார். பாட்டு வந்தது. ஐந்து நிமிடம் தலையாட்டிக் கேட்டுவிட்டு, "நல்லாத்தானே பாடுது" என்று வேலைச் சீட்டில் "குறை எதுவும் இல்லை" என்று எழுதிவிட்டார். எஃப்எம் எச்டிஎம்ஐ வழியாக வருவதே இல்லை ஐயா! டிவியில் மாட்டிப் பாருங்கள் என்றேன். அங்கே இ-ஏஆர்சி உள்ள டிவியே இல்லையாம். பல்வலி என்று வந்தவனின் முழங்காலைத் தட்டிப் பார்த்து, நன்றாக இருக்கிறாய் போ என்று அனுப்பியது போல இருந்தது. அந்த வேலைச் சீட்டின் படத்தை இணைத்திருக்கிறேன். தயவுசெய்து பாருங்கள், எழுத்தாவது அழகாக இருக்கிறது.

இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும், கோபத்தில் விட்டுப்போயிற்று. நான் முதல் புகார் கொடுத்தது வாங்கிய மூன்றாம் நாள். ஏழு நாளுக்குள் மாற்றித் தரலாம் என்பது உங்கள் விதி. மாற்றிக் கேட்டபோது, "வேண்டாம் சார், பத்து நாளில் ஃபர்ம்வேர் வரும், அதில் சரியாகிவிடும்" என்றார்கள். நம்பினேன். ஃபர்ம்வேரும், அதாவது ரிசீவரின் உள்மென்பொருள் புதுப்பிப்பும், வந்தது. அரை மணி நேரத்துக்கு மேல் திரையில் எண் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு, கரண்ட் போய்விடக் கூடாதே என்று பயந்து உட்கார்ந்திருந்தேன். முடிந்து, படம் போட்டு, பதினான்காவது நிமிடம் 'டிக்'. மறுநாள் கேட்டால் ஏழு நாள் தாண்டிவிட்டது, மாற்ற முடியாது என்கிறார்கள். தாண்ட வைத்தது யார்? அந்த உரையாடலின் படமும் இணைப்பில் இருக்கிறது.

ஏழு வாரம் போயிற்று. மூன்று கேபிள், ஒரு நாள் சம்பளம், மச்சானிடம் பட்ட கிண்டல். அவர் இப்போது வீட்டுக்கு வந்தாலே நாக்கால் 'டிக்' என்று தட்டிக் காட்டுகிறார். இந்த வீட்டில் நிம்மதியே போய்விட்டது என்று எழுதினால் மிகை என்பீர்கள், ஆனால் அப்படித்தான் எழுதத் தோன்றுகிறது. மகள் பழையபடி ஹெட்போன் மாட்டிக்கொண்டு விளையாடுகிறாள்.

நான் சண்டைக்காரன் அல்ல. உங்கள் ரிசீவரின் சத்தம் அறாமல் வரும்போது உண்மையிலேயே நன்றாக இருக்கிறது, அதில் மாற்றுக் கருத்து இல்லை. அதனால்தான் முதலில் இதே மாடலில் புதிய ஒன்றைக் கேட்கிறேன். அனுப்பும் முன்பு அதை இ-ஏஆர்சி உள்ள டிவியில் மாட்டி, ஒரு மணி நேரமாவது ஓட்டிப் பார்த்து அனுப்புங்கள். முடியாது என்றால் முழுப் பணத்தையும், மூன்று கேபிளின் விலையையும் திருப்பித் தாருங்கள். பழுதுபார்க்கிறோம் என்று எடுத்துப்போய் எஃப்எம் போட்டுக் கேட்டுவிட்டுத் திருப்பி அனுப்பும் யோசனைக்கு நான் உடன்பட மாட்டேன்.

இன்றிலிருந்து பத்து நாள். அதற்குள் ஒரு பெயரும் பொறுப்பும் உள்ளவரிடமிருந்து பதில் வராவிட்டால் நுகர்வோர் நீதிமன்றத்தில் மனு கொடுப்பேன். மனு எழுதி வைத்தாயிற்று, தேதி மட்டும் போட வேண்டும். 'டிக்' சத்தத்தோடு எடுத்த பதினெட்டு வீடியோவும் தேதி வாரியாக இருக்கின்றன. இதை மிரட்டலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எடுத்துக்கொண்டாலும் சரிதான்.

ரிசீவரைப் பழைய பெட்டியிலேயே, மைக், ரிமோட், ஏரியல் ஒயர் சகிதம் மூடி, வாசல் பக்கம் வைத்திருக்கிறேன். மாலை ஆறு மணிக்கு மேல் யாராவது வந்து எடுத்துக்கொள்ளலாம். நான் இன்னொரு முறை தூக்கிக்கொண்டு வர மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் ரேஞ்சிலேயே விலை குறைந்த மாடலை வாங்கிய வாடிக்கையாளர்