‘லினக்ஸா சார்?’ என்று கேட்கும் கூடப் பொறுப்பாளர்களுக்கு

கல்லூரிக் கருத்தரங்கக் கூடங்களில் புரொஜெக்டரைக் கட்டி மேய்க்கும் நண்பர்களுக்கு வணக்கம்.

மடிக்கணினியில் விண்டோஸுக்குப் பதிலாக உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டுக்கொண்டு ஊர் ஊராக வகுப்பெடுக்கப் போகிறவன் நான். போன மாதம் ஒரு கல்லூரியில் (பெயர் வேண்டாம்) எச்டிஎம்ஐ கேபிளைச் செருகியதும் சுவரில் என் வால்பேப்பர் மட்டும் பளிச்சென்று விழுந்தது. ஸ்லைடு மடிக்கணினியிலேயே நின்றுவிட்டது. கூடம் நிறைய மாணவர்கள். பொறுப்பாளர் தம்பி ஓடிவந்தார். “லினக்ஸா சார்? அது இங்க வராது. பென்டிரைவ்ல குடுங்க, நம்ம சிஸ்டத்துல ஓட்டிக்கலாம்.” அவசரத்தில் கொடுத்துவிட்டேன். அந்தக் கணினியில் என் தமிழ் எழுத்துரு இல்லை. தலைப்பெல்லாம் கட்டம் கட்டமாக வந்தது.

தம்பிமேல் கோபமில்லை. ஆனால் வால்பேப்பர் தெரிந்துவிட்டாலே கேபிளும் டிரைவர் மென்பொருளும் புரொஜெக்டரும் நன்றாக இருக்கின்றன என்றுதான் அர்த்தம். இரண்டாவது திரை கிடைத்ததும் லினக்ஸ் பெரும்பாலும் அதை முதல் திரையின் நீட்சியாகத்தான் எடுத்துக்கொள்ளும். விண்டோஸ் விசையை அழுத்தியபடி பி-யைத் தட்டினால் க்னோம், கேடிஇ என்ற லினக்ஸ் திரைச்சூழல்கள் இரண்டிலும் மிரர் தேர்வு (இரண்டு திரையிலும் ஒரே படம்) வந்து நிற்கும். பத்து விநாடி வேலை. மேடையில் நின்றபோது எனக்கும் அது ஞாபகம் வரவில்லை என்பது வேறு விஷயம்.

சரி, மிரர் தேர்வே வரவில்லை என்றால்? அங்கேதான் உங்கள் உதவி வேண்டும். என் மடிக்கணினியின் ரெசல்யூஷன், அதாவது திரையிலுள்ள புள்ளிகளின் கணக்கு, 1366×768. புரொஜெக்டர்களோ பல இடங்களில் 1024×768 அல்லது 1280×800. க்னோம் இரண்டு திரைக்கும் பொதுவான ஒரு ரெசல்யூஷனைத் தேடும். கிடைக்காதபோது அந்தத் தேர்வே காணாமல் போவதுண்டு.

புரொஜெக்டர் தன்னால் எதெல்லாம் காட்ட முடியும் என்பதை இடிஐடி என்ற சின்னக் குறிப்பாகக் கேபிள் வழியே சொல்லி அனுப்பும். அதன் அடிப்படைப் பகுதி வெறும் 128 பைட். பழைய விஜிஏ கேபிளில் 12, 15-ஆம் ஊசிகள் இதற்காகவே இருக்கின்றன. மலிவுக் கேபிளில் சில சமயம் அந்தக் கம்பிகளே இருக்காது. மேடைக்கும் கூரைக்கும் நடுவில் யாரோ எப்போதோ மாட்டிவைத்த, படத்தைப் பல திரைக்குப் பிரித்தனுப்பும் ஸ்ப்ளிட்டரும் அந்தக் குறிப்பை விழுங்கிவிடக்கூடும். ஆள் யாரென்று தெரியாத லினக்ஸ் அப்போது 1024×768-க்கு இறங்கிவந்துவிடும். 1280×800 புரொஜெக்டரில் எழுத்து மங்கி, படம் ஒருபக்கம் இழுத்துக்கொண்டு தெரிவது இதனால்தான். பழி மட்டும் லினக்ஸுக்கு.

எங்கள் பக்கத்திலும் கோளாறு உண்டு. 2007-இல் திரைகளை அமைக்கும் எக்ஸ்ரேண்டர் 1.2 வந்த பிறகு, டெர்மினலில் (கட்டளை அடிக்கும் ஜன்னலில்) ஒரே வரி அடித்து இரண்டு திரையையும் ஒன்றாக்கிப் பழகிய கை இது. உபுண்டு 21.04-இலிருந்து, திரையில் காட்டும் வேலையைப் பார்க்கும் புதிய முறையான வேலண்ட் இயல்பாக வந்துவிட்டது. அங்கே எக்ஸ்ரேண்டர் திரைகளின் பெயரைச் சொல்லும், அமைப்பை மாற்றாது. அது தெரியாமல் மேடையில் அதே வரியைத் திரும்பத் திரும்ப அடித்து அசடு வழிந்தவர்களில் நானும் ஒருவன்.

நான் கேட்பது பெரிய செலவில்லை. புரொஜெக்டரின் ரெசல்யூஷனை ஒரு தாளில் எழுதி மேடை மேசையில் ஒட்டிவையுங்கள். ஸ்ப்ளிட்டர் வழியாகப் போகாத நேரடிக் கேபிள் ஒன்று கைவசம் இருக்கட்டும். அப்புறம், பேச்சாளரைக் கால் மணி நேரம் முன்னதாக உள்ளே விடுங்கள். அந்த நேரத்தில்தான் எல்லா ஊரிலும் பொன்னாடையைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

கேபிள் இல்லையென்றால் பரவாயில்லை, அடுத்த முறை நானே பத்து மீட்டர் வாங்கி வருகிறேன். கூரைக்கு எட்ட ஏணி மட்டும் நீங்கள் ஏற்பாடு செய்யுங்கள்.

அன்புடன்,
உபுண்டுக்காரன்